நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்

முதன்முதலாகப் பழைய பிக்கப் ஒன்றை விலை பேசப் போன அன்று, அதன் பானட்டில் கை வைத்தபோது இதமான சூடு இருந்தது. விற்பவர் எனக்காக முன்கூட்டியே வண்டியைக் கழுவி, இரண்டு சுற்று ஓட்டி, தயாராக நிறுத்தியிருக்கிறார் என்று எண்ணி, அதை அவருடைய அக்கறையாகவே எடுத்துக்கொண்டேன். சாவியைத் திருப்பிய கணமே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டபோது, ஆட்டமில்லை, புகையில்லை, வெப்ப முள் நடுவில் அசையாமல் நின்றது. கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன்.

அந்தச் சூட்டுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம் என்பது மூன்றாவது வாரம்தான் புரிந்தது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது, முதல் பத்து விநாடிகளுக்கு ஒரு சிலிண்டர் எரியாமல் எஞ்சின் உதறும். சைலன்சரிலிருந்து இனிப்பு வாடையோடு வெண்புகை வரும். பிறகு எதுவுமே நடக்காததுபோல எல்லாம் சரியாகிவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் டப்பாவில் வாரத்துக்கு ஒரு விரற்கடை குறைந்துகொண்டே வந்தது, ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வண்டியை நிறுத்திய பின்னும் குளிர்விப்புக் குழாய்களில் சிறிது நேரம் தங்கியிருக்கும் அழுத்தம், எஞ்சின் உடலுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே இருக்கும் ஹெட் கேஸ்கட்டின் மயிரிழை விரிசல் வழியாகக் கூலன்ட்டைச் சிலிண்டருக்குள் தள்ளியிருக்கிறது. எஞ்சின் சூடேறியதும் உலோகம் விரிந்து அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். ஆகவே சூடான நிலையில் எத்தனை முறை ஓட்டியிருந்தாலும் எனக்கு அது தெரிந்திருக்காது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது அது வளைந்தும் இருந்தது.

அந்தச் செலவுக்குப் பிறகு அடுத்த பிக்கப்பை வாங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டு எடுத்துக்கொண்டேன். அந்த ஓராண்டில் படித்ததும், மெக்கானிக்குகளிடம் கேட்டதும், கையில் கரி படியப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

பழைய பிக்கப் வாங்குகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, எந்த எஞ்சின் நம்பகமானது என்பதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்குக் கிடைக்கும் விடையை நாம் பயன்படுத்தும் விதம் பெரும்பாலும் தவறாக இருக்கிறது. நல்ல பெயருள்ள எஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம், கெட்ட பெயருள்ளது என்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில், ஒரு எஞ்சின் வகைக்கு இருக்கும் பெயர், அதில் எந்த இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்பதை, நம் முன்னால் நிற்கும் அந்த ஒரு எஞ்சின்தான் சொல்ல வேண்டும்.

அழியாத எஞ்சின் என்று பெயரெடுத்தவற்றையே எடுத்துக்கொள்வோம். 1980களிலும் 1990களின் முற்பாதியிலும் டொயோட்டா பிக்கப்புகளில் வந்த 22ஆர்-இ பெட்ரோல் எஞ்சினைப் பற்றிக் குறை சொல்பவர்களைக் காண்பது அரிது. ஆனால் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் அதன் டைமிங் செயினைத் தாங்கிப் பிடிக்கும் வழிகாட்டிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. வயதேறி அவை உடைந்தால், தொங்கும் செயின் முன்பக்க மூடியின் உட்சுவரில் உரசி உரசி, கடைசியில் கூலன்ட் ஓடும் வழியையே அறுத்துவிடும். அதன் பின் கூலன்ட் நேராக ஆயிலில் கலக்கும். டாட்ஜ் ராம் வண்டிகளில் 1989 முதல் 1998 வரை வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர், 12 வால்வு டீசல் எஞ்சினுக்கும் அப்படியொரு பெயர் உண்டு. அதிலும் டைமிங் கியர் உறையைச் சரியாகப் பொருத்துவதற்காக வைத்த சின்ன எஃகு முளை ஒன்று, ஆண்டுக்கணக்கான அதிர்வில் தளர்ந்து பல்சக்கரங்களுக்குள் விழுந்து எஞ்சினைக் கெடுத்த கதைகள் பல. அதை வெளியே வராமல் தடுக்க ஒரு சிறு தகடு போதும். முந்தைய உரிமையாளர் அந்தத் தகட்டைப் போட்டிருக்கிறாரா என்ற ஒரு கேள்வி, அந்த எஞ்சினின் புகழைப் பற்றிய பத்துப் பக்கங்களைவிடப் பயனுள்ளது.

கெட்ட பெயருள்ள எஞ்சின்களிலும் இதே நியாயம்தான். 2003 முதல் 2007 வரை ஃபோர்டின் கனரகப் பிக்கப்புகளில் வந்த 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசலை எல்லோரும் ஹெட் கேஸ்கட் போகும் எஞ்சின் என்பார்கள். பல வண்டிகளில் கோளாறு தொடங்கியது ஆயில் கூலரில். அதன் நுண்ணிய வழிகள் கசடால் அடைபட்டன. அதைத் தாண்டி ஓடும் கூலன்ட் குறைந்ததால், எரிந்த வாயுவில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும்முன் குளிர்விக்கும், அடுத்திருந்த இஜிஆர் கூலர் காய்ந்து வெடித்தது. அங்கிருந்து ஏறிய அழுத்தமும் கூலன்ட் இழப்பும் சேர்ந்து ஹெட்டைத் தூக்கின. ஆகவே இந்த எஞ்சினைப் பார்க்கப் போகிறவர், வண்டி நன்றாகச் சூடேறிச் சீரான வேகத்தில் ஓடும்போது, ஆயிலின் வெப்பநிலைக்கும் கூலன்ட்டின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். அது 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் கூலர் அடைபடத் தொடங்கிவிட்டது என்று அந்த எஞ்சினோடு பழகியவர்கள் கொள்கிறார்கள். கூலர் மாற்றப்பட்டு, ஹெட்டை இறுக்கிப் பிடிக்க வலுவான ஸ்டட்கள் போடப்பட்டு, அதற்கான ரசீதுகளும் இருக்கும் ஒரு 6.0, கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு நல்ல பெயர் எஞ்சினைவிட மேலானது என்றுதான் நான் சொல்வேன்.

2005 முதல் சுமார் பத்தாண்டுகள் ஹைலக்ஸில் வந்த டொயோட்டாவின் 3.0 லிட்டர் 1கேடி டீசலில் பார்க்க வேண்டியது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் அடியில் இருக்கும் செப்பு வாஷர்கள். அவை கசிந்தால் எரிந்த வாயு வால்வு மூடிக்குள் புகுந்து ஆயிலைக் கரியாக்கும். அந்தக் கரி ஆயில் தொட்டியின் அடியில் இருக்கும் உறிஞ்சு வலையை அடைக்கும். ஆயில் கிடைக்காமல் பேரிங்குகள் போய்விடும். வாஷர்களை மாற்றிய தேதியையும், வலையை எப்போதாவது கழற்றிப் பார்த்திருக்கிறார்களா என்பதையும் கேட்டால் போதும். விற்பவர் முழிக்கும் விதத்திலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

புதிய வண்டியென்றால் இந்தத் தொல்லை இருக்காது என்று எண்ணுபவர்களுக்கு இரண்டு செய்திகள். 2024 மே மாதத்தில் டொயோட்டா, 2022, 2023 மாதிரி ஆண்டுகளைச் சேர்ந்த டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளில் சுமார் 1,02,000 வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. இரட்டை டர்போ வி6 எஞ்சின்களைக் கடைசல் செய்தபோது உள்ளே தங்கிவிட்ட உலோகத் துகள்கள் மெயின் பேரிங்குகளைக் கெடுக்கக்கூடும் என்பது காரணம். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்காவில் 2021 முதல் 2024 வரையிலான மாதிரி ஆண்டுகளில் 6.2 லிட்டர் வி8 எஞ்சினோடு வந்த, ஏறத்தாழ ஆறு லட்சம் பிக்கப்புகளையும் எஸ்யுவிகளையும் அழைத்தது. கிராங்க் ஷாஃப்டிலும் கனெக்டிங் ராடுகளிலும் உற்பத்திக் குறை. பரிசோதனையில் தேறிய வண்டிகளுக்கு கெட்டித்தன்மை கூடிய ஆயில் ஊற்றித் தருவதுதான் அங்கே தீர்வு. இப்படிப்பட்ட வண்டியை இரண்டாம் கையாக வாங்கும்போது, சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டு, திரும்ப அழைக்கப்பட்டதா, பணி முடிந்ததா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அதைக்கூடச் செய்யாமல் கிலோமீட்டர் குறைவு என்று மகிழ்வதில் பொருளில்லை.

கிலோமீட்டர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. காரைக் காட்டிலும் பிக்கப்பில் ஓடோமீட்டர் மிக மோசமான சாட்சி. மீட்டரைத் திருப்பும் ஏமாற்றை விட்டுவிடுவோம். நேர்மையான மீட்டரே நம்மைத் திசைதிருப்பும். ஒரு வேலையிடத்தில் நாள் முழுவதும் ஏசிக்காகவோ, பின்னால் பூட்டிய பம்பை இயக்குவதற்காகவோ எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தியிருந்தால் சக்கரம் சுழல்வதில்லை, மீட்டர் ஏறுவதில்லை. உள்ளே ஆயில் மட்டும் பழையதாகிக்கொண்டே இருக்கும். ஐட்லிங்கில் ஆயில் அழுத்தம் குறைவு; எரிதலில் வெப்பம் போதாமல் டீசல் எஞ்சினில் கரி படியும். இதற்காகத்தான் பல பிக்கப்புகள் எஞ்சின் ஓடிய மணி நேரத்தைத் தனியாகக் கணக்கு வைக்கின்றன. சிலவற்றில் டேஷ்போர்டு மெனுவிலேயே இருக்கும், சிலவற்றில் ஸ்கேனர் வழியாக எடுக்கலாம்.

இரண்டாவது வண்டியைத் தேடியபோது ஒரே வாரத்தில் இரண்டு பிக்கப்புகளைப் பார்த்தேன். ஒன்று 1,10,000 கிலோமீட்டர் ஓடியது, மற்றொன்று 2,80,000. மணிக் கணக்கைப் பார்த்தபோது முதலாவது 5,500 மணி நேரம், இரண்டாவது 5,000. வகுத்துப் பாருங்கள்: முதல் வண்டியின் வாழ்நாள் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர், இரண்டாவதன் வேகம் 56. மீட்டரில் பாதிக்கும் குறைவாகக் காட்டிய வண்டியின் எஞ்சின்தான் அதிக நேரம் உழைத்திருக்கிறது, அதுவும் நின்ற இடத்தில் நின்றுகொண்டு. நெடுஞ்சாலையில் சீரான வெப்பத்தில் ஓடிய கிலோமீட்டர், எஞ்சினுக்கு ஏறத்தாழ ஓய்வு மாதிரி.

மணிக் கணக்கு கிடைக்காத வண்டிகளில், அது செய்த வேலையை உடம்பிலேயே படிக்கலாம். பின்னால் இழுவைக் கொக்கியின் உருண்டை தேய்ந்து பளபளத்தால் அடிக்கடி டிரெய்லர் இழுத்திருக்கிறது. பட்டை ஸ்பிரிங்குகள் வளைவு இழந்து நேராகியிருந்தாலும், பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் செருகியிருந்தாலும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருக்கிறார்கள். சரக்குத் தளம் நசுங்கியிருப்பது குற்றமில்லை, பிக்கப் அதற்குத்தானே. ஆனால் விற்பவர் இது வீட்டு உபயோகத்துக்கு மட்டும் ஓடிய வண்டி என்று சொல்லும்போது தளம் வேறு கதை சொன்னால், அவர் எஞ்சினைப் பற்றிச் சொல்வதையும் அதே தராசில்தான் நிறுக்க வேண்டும். கூடுதல் சக்திக்காகக் கணினியில் மாற்றம் செய்த டீசல் வண்டிகளையும், புகை வடிகட்டியைப் பிடுங்கிய வண்டிகளையும் நான் இப்போது பார்ப்பதே இல்லை. பல நாடுகளில் அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். அந்த வண்டியை ஓட்டியவர் எப்படி ஓட்டியிருப்பார் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

இனி வண்டியின் முன்னால் போய் நிற்போம். போவதற்கு முந்தைய நாளே விற்பவரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் பானட்டைத் திறந்து எஞ்சினின் உடலையும் ரேடியேட்டர் குழாயையும் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் சண்டை போடுவதில்லை. வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன். இரண்டாம் முறையும் சூடாக இருந்தால் மூன்றாம் முறை போவதில்லை.

ஆறியிருந்தால் முதலில் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக். டீசலில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு, மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால், விற்பதற்கு முந்தைய நாள் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். அளவு குறைந்திருப்பதை எல்லோரும் கவனிப்பார்கள், கூடியிருப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. புகை வடிகட்டி உள்ள டீசல் வண்டி குறுகிய தூரங்களே ஓடினால், வடிகட்டியைச் சுத்தம் செய்வதற்காக எஞ்சின் கூடுதலாகச் செலுத்தும் டீசல் முழுவதும் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டிய, டீசல் மணக்கும், நீர்த்த ஆயில் அப்படித்தான் உண்டாகிறது. அந்த ஆயிலை நம்பி ஓடிய பேரிங்குகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால் பலர் உடனே ஹெட் கேஸ்கட் என்று முடிவு கட்டுகிறார்கள். குளிர் காலத்தில் சிறு தூரங்கள் மட்டும் ஓடிய நல்ல எஞ்சினிலும் நீராவி படிந்து அது வரும். கூலன்ட்டின் அளவும் நிறமும் சரியாக இருந்தால் அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. கூலன்ட் துருநிறமாக இருந்தாலோ, மேலே எண்ணெய் மிதந்தாலோ, வெறும் தண்ணீராக இருந்தாலோ ஒதுக்கலாம். ரேடியேட்டர் மூடியை ஆறிய எஞ்சினில் மட்டுமே திறக்க வேண்டும். சூடான எஞ்சினில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பலர் தவறவிடும் இடம் ஏர் ஃபில்டர். ஃபில்டர் புதிதா பழையதா என்பது முக்கியமில்லை. அதைக் கழற்றி, எஞ்சினை நோக்கிப் போகும் சுத்தமான பக்கத்துக் குழாயின் உட்சுவரில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். விரலில் மண் ஒட்டினால், உடைந்த கிளிப் வழியாகவோ பொருந்தாத ஃபில்டர் வழியாகவோ தூசு உள்ளே போயிருக்கிறது. மண் தூசு பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். மண் சாலைகளில் உழைத்த பிக்கப்பின் எஞ்சினை இதைவிட விரைவாகக் கொல்லும் காரணம் குறைவு.

இப்போது ஸ்டார்ட். ஒருவர் சாவியைத் திருப்ப, நான் சைலன்சருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நின்றுகொள்வேன். முதல் இரண்டு மூன்று விநாடிகளில் சங்கிலி சரசரப்பது போன்ற ஓசை கேட்டு அடங்கினால் டைமிங் செயினோ அதன் டென்ஷனரோ தளர்ந்திருக்கிறது. டிக் டிக்கென்ற ஓசை சில நிமிடங்களில் மறைந்தால் பெரும்பாலும் பெரிய குற்றமில்லை, எக்ஸாஸ்ட் போல்ட் உடைந்து காற்றுக் கசிவதாக இருக்கலாம். மறையாமல் ஒரே சிலிண்டரிலிருந்து தொடர்ந்தால் வால்வைத் தூக்கும் லிஃப்டரைச் சந்தேகிக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் வி8 பிக்கப்புகளில், 2007 மாதிரி ஆண்டு முதல் எரிபொருள் மிச்சத்துக்காகச் சில சிலிண்டர்களை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு வந்தது. அந்தச் சிலிண்டர்களின் சிறப்பு லிஃப்டர்கள் சிக்கிக்கொள்வது அந்த எஞ்சினின் அறியப்பட்ட வியாதி. ஆழத்திலிருந்து கனமாக, வேகத்தோடு கூடும் டொக் டொக் என்ற ஓசை கனெக்டிங் ராடு பேரிங்கிலிருந்து வருவது. அதைக் கேட்டால் பேரம் பேசாமல் விடைபெற வேண்டும்.

புகையின் நிறத்தைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். நேரத்தைப் பற்றித்தான் பேசுவதில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் ஸ்டார்ட் செய்த கணத்தில் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வு சீல்கள், ஏற்றத்தில் அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்குகள். முன்னது சில்லறை வேலை, பின்னது எஞ்சினைப் பிரிக்கும் வேலை. குளிர்ந்த காலையில் எந்த வண்டியிலும் நீராவி வரும், சிறிது நேரத்தில் மறையும்; மறையாமல் இனிப்பு வாடையோடு நின்றால் கூலன்ட். டீசலில் கண்ணைக் கரிக்கும் வெண்புகை எரியாத டீசல், எஞ்சினை முன்சூடாக்கும் க்ளோ பிளக் கெட்டிருக்கிறது, அல்லது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், குறைந்திருக்கிறது.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திருகித் தளர்த்தி, துளையின் மேல் தலைகீழாக வைத்துப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய சோதனை. லேசாக நடுங்கினால் பரவாயில்லை. மூடி துள்ளி விழுந்து, துளையிலிருந்து புகை ரயில் எஞ்சினைப்போல் விட்டுவிட்டுத் தள்ளினால், அவர்கள் மொழியில் பேக் கம்ப்ரஷன். எரிந்த வாயு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள். என் முதல் வண்டியைத் திறந்த பெரியவர் ஒருவர் இதைச் செய்துகாட்டிவிட்டு, "தம்பி, இந்த மூடிக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார். அது முழுக்கச் சரியில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சில எஞ்சின்களில் மூடியின் இடம், உள்தடுப்பு ஆகியவற்றால் நல்ல எஞ்சினே மூடியைத் தள்ளும். இருந்தாலும் அவரை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

குளிர்ந்த எஞ்சினைப் பற்றி இவ்வளவு சொன்னபின், சூடான எஞ்சின் மட்டுமே காட்டிக்கொடுப்பவையும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2004 முதல் 2010 வரை ஃபோர்ட் எஃப்-150இல் வந்த 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு எஞ்சினில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசர்கள் தட்டும் ஓசை, ஆயில் சூடாகி நீர்த்து அழுத்தம் குறைந்த பிறகு, ஐட்லிங்கில்தான் தெளிவாகக் கேட்கும். காலையில் கேட்டுவிட்டு நல்ல எஞ்சின் என்று வந்துவிடலாம். ஆகவே அரை மணி நேரமாவது ஓட்டி, ஒரு நீண்ட ஏற்றத்தில் அழுத்தி, இறக்கத்தில் கியரில் விட்டு, அதன் அடியில் மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்துக் கண்ணாடியில் புகையைப் பார்த்து, திரும்பி வந்து ஐட்லிங்கில் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். முடிந்தால் சரக்கேற்றி ஓட்டுவது நல்லது. வெறும் வண்டியில் சூடேறாத எஞ்சின், பாரத்தில் சூடேறும். டேஷ்போர்டின் ஆயில் அழுத்த முள்ளை நம்ப வேண்டாம். பல பிக்கப்புகளில் அது உண்மையான அளவுமானி இல்லை, அழுத்தம் ஒரு குறைந்த எல்லையைத் தாண்டிவிட்டால் முள் நடுவில் போய் நின்றுகொள்ளும். சந்தேகம் இருந்தால் சென்சார் துளையில் மெக்கானிக் தன் கருவியைப் பொருத்திப் பார்க்கட்டும்.

ஸ்கேனரை இணைப்பது இப்போது எளிது. அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டு முதல் எல்லா இலகுரக வண்டிகளிலும் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி-2 இணைப்பு கட்டாயம், மற்ற இடங்களில் சில ஆண்டுகள் கழித்து வந்தது. பிழைக் குறியீடு இல்லை என்று வந்தால் பலர் நிம்மதி அடைகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, வண்டியின் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்பதையும், குறியீடுகள் அழிக்கப்பட்டபின் வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதையும். சுயபரிசோதனைகளில் பாதி முடியாமலும், அழித்தபின் ஓடிய தூரம் பன்னிரண்டு கிலோமீட்டராகவும் இருந்தால், யாரோ நேற்று விளக்கை அணைத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் இது நடக்கும். விற்பவரும் பெரும்பாலும் அதையேதான் சொல்வார்.

இத்தனையும் தேறிய வண்டிக்குத்தான் பணம் செலவழித்துச் சோதனை செய்ய வேண்டும். கம்ப்ரஷன் சோதனையில் எண்ணைவிடச் சமநிலைதான் முக்கியம். சிலிண்டர்களுக்குள் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் குறைந்தால், அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, அழுத்தக் காற்றைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்கலாம். சைலன்சரில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் துளையில் இரைந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட். கூலன்ட்டின் மேல் நிற்கும் காற்றை நீலத் திரவத்தின் வழியாக உறிஞ்சும் ஒரு மலிவான சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் நிறம் மாறும். என் முதல் வண்டிக்கு அதைச் செய்திருந்தால் சூடான பானட்டையும் மீறி உண்மை வெளிவந்திருக்க வாய்ப்பு உண்டு.

ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புவது பலருக்குத் தெரியாத வழி. அமெரிக்க ரயில்வே நிறுவனங்கள் 1940களிலேயே டீசல் லோகோமோட்டிவ்களின் ஆயிலில் கரைந்திருக்கும் உலோகங்களை அளந்து தேய்மானத்தை முன்கூட்டி அறிந்தன. இன்று ஒரு சிறு புட்டி ஆயிலில் அதையே யாரும் செய்துகொள்ளலாம். ஈயமும் செம்பும் கூடினால் பேரிங், இரும்பு கூடினால் சிலிண்டரும் கிராங்க்கும், சோடியமும் பொட்டாசியமும் கூடினால் கூலன்ட் கசிவு, சிலிக்கான் கூடினால் பெரும்பாலும் தூசு. ஆனால் ஆயில் எவ்வளவு தூரம் ஓடியது என்று தெரியாவிட்டால் இந்த எண்களுக்குப் பொருளில்லை. நேற்று மாற்றிய ஆயிலில் எந்த எஞ்சினும் உத்தமனாகத்தான் தெரியும். கழுவிப் பளபளக்கும் எஞ்சின் அறையைக் கண்டால் எனக்கு வரும் ஐயமும் இதே வகைதான். தூசு படிந்த எஞ்சினில் கசிவு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கலாம், கழுவிய எஞ்சினில் அந்த வரைபடம் அழிந்துவிடுகிறது.

2,80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் உரிமையாளரிடம், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டபோது, "அப்படின்னா ஆறு மணிக்கு முன்னாடி வந்துருங்க, அதுக்கப்புறம் எனக்கு லோடு இருக்கு" என்றார். இருட்டிலேயே போனேன். எஞ்சின் அறை முழுக்கத் தூசு. வால்வு மூடியின் ஓரத்தில் ஆயில் கசிந்து கறுத்திருந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பு, அளவு சரி. அவர் எனக்காக எதையும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் எதிரே கிலோமீட்டரும், சில வரிகளில், இடையில் எவ்வளவு ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது என்பதும் பேனாவில் எழுதியிருந்தது. கடைசி நான்கு ஆண்டுகளில் அந்த அளவு மாறவே இல்லை.

அனுப்பிய ஆயில் மாதிரியின் அறிக்கை ஒன்பதாவது நாள் வந்தது. பேரிங் உலோகங்கள் குறைவு, சிலிக்கான் மட்டும் சற்று அதிகம். அவரை அழைத்துச் சொன்னேன். ஏர் ஃபில்டர் பெட்டியின் ஒரு கிளிப் உடைந்து கம்பியால் கட்டியிருப்பதாகவும், அதை மாற்றிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். கிளிப்பை நானே மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லி, மறுநாள் முன்பணம் கொடுத்தேன்.